திரையில் தெரியும் எண் யாருடையது?

2024 அக்டோபர் 22 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு தடுப்பு அமைப்பை இயக்கத் தொடங்கியது. இந்திய எண்ணைப் பொய்யாகக் காட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைப் பிடிப்பது அதன் வேலை. முதல் 24 மணி நேரத்தில் அது சுமார் 1 கோடியே 35 லட்சம் அழைப்புகளை நிறுத்தியது. அந்த ஒரு நாளில் இந்திய எண்களோடு வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு பொய் எண் கொண்டவை என்று துறை அறிவித்தது.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நாம் முதலில் கேட்பது, “இது யார் நம்பர்?” என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. திரையில் தெரியும் எண்ணிலிருந்துதான் இந்த அழைப்பு வந்திருக்கிறதா? முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் சட்டம் பூட்டி வைத்திருக்கும் பெட்டியில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடையை நாமே ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனையோ பேர் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கைப்பேசி எண் எங்கே இருக்கிறது? சிம் அட்டைக்குள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிம்மில் எண்ணைக் குறித்துவைக்க ஓர் இடம் உண்டு. ஆனால் வலையமைப்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. அது பார்ப்பது வேறு இரண்டை. ஒன்று, ஐ.எம்.எஸ்.ஐ. எனப்படும், அதிகபட்சம் 15 இலக்கம் கொண்ட அடையாளம். இந்தியச் சிம் என்றால் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். மற்றொன்று 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவி. அந்தச் சாவியின் பிரதி நிறுவனத்தின் கணினியிலும் இருக்கும்.

கைப்பேசி வலையமைப்பில் இணையும்போது நிறுவனம் ஏதோ ஓர் எண்ணைத் தற்செயலாக உருவாக்கிச் சிம்முக்கு அனுப்புகிறது. சிம் அதைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நிறுவனமும் தன்னிடமுள்ள பிரதியை வைத்து அதே கணக்கைப் போடுகிறது. இரண்டு விடைகளும் ஒன்றானால் அந்தச் சிம்மை ஏற்றுக்கொள்கிறது. சாவி ஒருமுறைகூடக் காற்றில் பயணிப்பதில்லை. அதனால் நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு அது கிடைப்பதும் இல்லை. நமது 10 இலக்க எண், இந்த அடையாளத்துக்கு எதிரே நிறுவனத்தின் பதிவேட்டில் எழுதப்பட்ட முகவரி. சிம் தொலைந்து புதியது வாங்கினாலும் பழைய எண்ணே கிடைப்பது இதனால்தான். புதிய அடையாளத்துக்கு எதிரே அதே எண்ணை மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

ஆக, ஒரு சிம்மைப் போலியாகச் செய்வது கடினம். அப்படியென்றால் பொய் எண் எப்படி வருகிறது? அழைப்பு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.7 என்ற சைகை முறை 1970-களில் உருவாகி, 1980-களில் உலகத் தரமானது. அன்றைக்குத் தொலைபேசி நடத்தியவை பெரும்பாலும் அரசுத் துறைகளும் ஒருசில பெரிய நிறுவனங்களும்தான். எல்லோரும் தெரிந்தவர்கள். ‘அழைப்பவரின் எண் இது’ என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் அப்படியே நம்பி முன்னே அனுப்பினார். பிறகு இணையவழிக் குரல் அழைப்பு வந்தது. ஒரு கணினியும் கொஞ்சம் மென்பொருளும் இருந்தால் அழைப்பவர் எண் என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம் என்ற நிலை உருவானது. பழைய நம்பிக்கை மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. அஞ்சல் உறையின் மூலையில் ‘அனுப்புநர்’ என்று யார் பெயரையும் எழுதலாம். தபால்காரர் அதைச் சோதிப்பதில்லை, ‘பெறுநர்’ முகவரியை மட்டுமே பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். தொலைபேசி அழைப்பும் இன்றுவரை ஏறத்தாழ இந்த விதிப்படிதான் நடக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு வழியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். உள்ளே வரும் அழைப்பில் தெரியும் எண், எதிர்த்தரப்பு சொல்லும் ஒரு தகவல் மட்டுமே. நாம் ஓர் எண்ணை அழுத்தி அழைக்கும்போது நடப்பது வேறு. அந்த எண் எந்த நிறுவனத்தில் இருக்கிறது, எந்த ஐ.எம்.எஸ்.ஐ.க்கு உரியது, அந்தச் சிம் இப்போது எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறது என்று வலையமைப்பு தன் பதிவேடுகளைப் பார்த்து அழைப்பைக் கொண்டுசேர்க்கிறது. அந்தச் சிம்மோ ரகசியச் சாவியால் தன்னை நிரூபித்த சிம். எண்ணைப் பொய்யாகக் காட்டியவருக்கு நமது திரும்ப அழைப்பு போகாது. உண்மையான உரிமையாளருக்குத்தான் போகும். “வங்கியிலிருந்து பேசுகிறேன்” என்று யார் சொன்னாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஏ.டி.எம். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நாமே அழுத்தி அழைக்க வேண்டும். அவர் உண்மையிலேயே வங்கி ஊழியராக இருந்தால் கோபப்பட மாட்டார். “வையுங்கள், நானே வங்கிக்குப் போன் போட்டுக் கேட்கிறேன்” என்றதும் ஒருவர் பதறினால், மிரட்டினால், ‘லைனை கட் பண்ணாதீங்க’ என்றால், அவர் யார் என்பது தெரிந்துவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி, முதலில் வருவதை அழுத்தக் கூடாது. போலிச் சேவை எண்களை இணையத்தில் விதைத்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம். அட்டை, பாஸ்புக், நிறுவனத்தின் சொந்தச் செயலி ஆகியவற்றில் இருக்கும் எண்ணே நம்பத்தக்கது. இரண்டாவது, அழைப்புத் திருப்பல். கூரியர்காரர் என்றோ நிறுவன ஊழியர் என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர் *401* என்று தொடங்கி, ஓர் எண்ணைச் சேர்த்து அழுத்தச் சொல்வார். அழுத்தினால் நமக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குப் போய்விடும். குரல்வழி வரும் ஓ.டி.பி.யும் அதோடு போகும். இந்த மோசடி பெருகியதால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் குறியீடு அழுத்திச் செய்யும் அழைப்புத் திருப்பலை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் கைப்பேசியில் பழைய திருப்பல் ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், அமைப்புகளில் அழைப்புத் திருப்பல் பகுதியைத் திறந்து பார்க்கலாம். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பலும் நீங்கிவிடும்.

இனி அந்த அக்டோபர் அமைப்புக்கு வருவோம். அது செய்யும் சோதனை எளிமையானது. வெளிநாட்டு இணைப்பு வழியாக ஓர் அழைப்பு +91 எண்ணோடு வருகிறது. அந்த எண்ணுக்குரியவர் உண்மையில் வெளிநாட்டுப் பயணத்தில் ரோமிங்கில் இருந்தால் அது நியாயமான அழைப்பு. அவர் மதுரையிலோ நாக்பூரிலோ உட்கார்ந்திருந்தால் அது பொய். யார் எங்கே இருக்கிறார் என்பது அவரவர் நிறுவனத்துக்குத் தெரியும். அந்தத் தகவலை எல்லா நிறுவனங்களும் ஒரே இடத்தில் சரிபார்க்க வழிசெய்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே 2019-இல் நிறைவேறிய டிரேஸ்டு சட்டத்தின்படி, பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 2021 ஜூன் 30-க்குள் ஸ்டிர்-ஷேக்கன் என்ற முறையைத் தங்கள் இணையவழி வலையமைப்பில் நிறுவ வேண்டியிருந்தது. அழைப்பு புறப்படும் இடத்திலேயே நிறுவனம் அதற்கு டிஜிட்டல் கையொப்பம் போடுகிறது. வாடிக்கையாளரையும் தெரியும், இந்த எண்ணைப் பயன்படுத்த அவருக்கு உரிமை இருப்பதும் தெரியும் என்றால் ‘ஏ’. வாடிக்கையாளரைத் தெரியும், எண்ணைப் பற்றி உறுதியில்லை என்றால் ‘பி’. எங்கிருந்தோ வந்ததைக் கடத்திவிடுகிறேன் என்றால் ‘சி’. சேருமிடத்து நிறுவனம் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அழகான ஏற்பாடு என்றாலும், அது எண் உண்மையா என்பதை மட்டுமே சொல்லும். பேசுபவர் நேர்மையானவரா என்பதை எந்தக் கையொப்பமும் சொல்லாது.

இந்தியாவிலும் அதே சிக்கல் வந்தது. வெளிநாட்டுப் பொய் அழைப்புகளுக்குக் கதவு மூடியதும், உள்ளூர்ச் சிம் பெட்டிகள் இன்னும் முக்கியமாகிவிட்டன. பத்துக்கணக்கில் சிம்களைச் செருகக்கூடிய ஒரு கருவியை ஏதோ ஒரு வாடகை வீட்டில் வைத்துவிடுவார்கள். இணையம் வழியாக எங்கிருந்தோ வரும் குரலை அது உள்ளூர்ச் சிம்மின் அழைப்பாக மாற்றி அனுப்பும். இங்கே எண்ணும் உண்மை, சிம்மும் உண்மை. அந்தச் சிம் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது.

அந்த ‘யாரோ ஒருவர்’ யார் என்று நாம் தெரிந்துகொள்ள முடியுமா?

சிம் வாங்கும்போது கொடுத்த பெயர், முகவரி, அடையாளச் சான்று, புகைப்படம் எல்லாம் வாடிக்கையாளர் விண்ணப்பப் பதிவாக நிறுவனத்திடம் இருக்கும். தனியாள் ஒருவர் கேட்டு அதைப் பெறச் சட்டத்தில் வழி கிடையாது. காவல்துறை, விசாரணைக்குத் தேவையான ஆவணமாகப் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்கீழ் கேட்டுப் பெறலாம், நீதிமன்றம் உத்தரவிடலாம். யார் யாருடன் எப்போது பேசினார் என்ற அழைப்பு விவரப் பதிவுக்கு, 2013-க்குப் பிறகு காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படுகிறது. ஓர் அரசியல் தலைவரின் அழைப்பு விவரங்களைச் சிலர் கள்ளத்தனமாகப் பெற்ற விவகாரம் வெடித்த பின்னர் வந்த கட்டுப்பாடு இது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இன்னும் கடுமையானது. அனுமதியின்றித் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவை அணுகினாலோ அணுக முயன்றாலோ 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘எந்த நம்பரானாலும் ஓனர் டீட்டெய்ல் எடுத்துத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்கள் தருவது ஒன்று கட்டுக்கதை, அல்லது திருட்டுச் சரக்கு. காசு கொடுத்து அதை வாங்குபவரும் அந்தக் குற்றத்துக்குள் கால் வைக்கிறார்.

இந்தப் பூட்டு சிலருக்கு எரிச்சலாக இருக்கலாம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ரீசார்ஜ் கடையில் பக்கத்தில் நின்று ஒரு பெண் சொன்ன எண்ணைக் காதில் வாங்கிக்கொண்டவன், அன்று மாலையே அவள் வீட்டு முகவரியை எடுக்க முடிந்தால் என்ன ஆகும்? நமக்கு வந்த தொந்தரவு அழைப்பின் உரிமையாளரைத் தெரிந்துகொள்ள உதவும் அதே கதவுதான் தொந்தரவு செய்பவனுக்கும் திறக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். விண்ணப்பப் படிவத்திலுள்ள நம் முகவரியும் அந்தப் பாதுகாப்புக்குள் வருவதுதான் நியாயம்.

பெயர் காட்டும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். 2009-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ட்ரூகாலர் இந்தியாவில் பலர் கைப்பேசியில் இருக்கிறது. அது காட்டும் பெயர் சிம் பதிவிலிருந்து வருவதல்ல. பயனாளர்கள் எப்படிப் பதிந்திருக்கிறார்கள், எப்படி அடையாளமிட்டிருக்கிறார்கள் என்பதன் தொகுப்பு. ஸ்பேம் என்று ஆயிரம் பேர் குறித்திருந்தால் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் ‘எஸ்.பி.ஐ. மேனேஜர்’ என்று திரையில் வருவதால் அவர் மேலாளர் ஆகிவிடமாட்டார். அந்தப் பெயரை அவரே வைத்துக்கொண்டிருக்கலாம்.

எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்து எந்த நிறுவனம், எந்த மாநிலம் என்று சொல்லும் வித்தையும் காலாவதியாகிவிட்டது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலை 3 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே எண்ணை எடுத்துச் செல்லலாம். போதாததற்கு, கைவிடப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் பழைய நண்பர் பெயரில் நீங்கள் சேமித்துவைத்திருக்கும் எண்ணில் இன்றைக்கு முன்பின் தெரியாத ஒருவர் இருக்கலாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய எண்ணைக் கைவிடும் முன் வங்கி, ஆதார், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றாமல் விட்டால், புதியவர் கைப்பேசிக்கு நமது ஓ.டி.பி.கள் போய்க்கொண்டிருக்கும். சிம்மைத் தூக்கிப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

சட்டப்படியே பெயர் தெரியும் காலமும் வந்துகொண்டிருக்கிறது. சிம் விண்ணப்பத்தில் பதிவான பெயரை அழைப்பு வரும்போதே திரையில் காட்டும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. கேட்பவர்களுக்கு மட்டும் தரலாம் என்று முதலில் சொன்னது. எல்லோருக்கும் இயல்பாகவே கிடைக்கட்டும் என்ற தொலைத்தொடர்புத் துறையின் கருத்தை 2025 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. 4ஜி, 5ஜி இணைப்புகளில் படிப்படியாக நடைமுறைக்கு வரும் இந்த வசதியில் பெயர் மட்டும் தெரியும், முகவரி தெரியாது. எண்ணை மறைக்கும் சிறப்பு அனுமதி பெற்றவர்களின் பெயர் வராது.

இதை நான் வரவேற்கிறேன், சில தயக்கங்களோடு. நம் வீடுகளில் அப்பா பெயரில் வாங்கிய சிம்மை மகள் வைத்திருப்பாள். கணவர் பெயரில் வாங்கியது மனைவியிடம் இருக்கும். திரையில் ‘முருகேசன்’ என்று வரும், பேசுவது கவிதாவாக இருக்கும். சிம் பெட்டிக்குள் இருக்கும் அட்டையும் யாரோ ஓர் ஏழைத் தொழிலாளியின் பெயரைத்தான் காட்டப்போகிறது. ஒன்றுக்கு மட்டும் இது நிச்சயம் உதவும்: ‘மும்பை சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர்’ என்று குரல் சொல்லும்போது திரையில் சம்பந்தமே இல்லாத தனியாள் பெயர் வந்தால், கேட்பவருக்கு யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். அந்த ஒரு நொடிதான் இத்தனை நாளாக இல்லாமல் இருந்தது.

பெயரைச் சரிபார்க்க இன்னொரு சட்டபூர்வ வழியை நம்மில் பலர் தெரியாமலே பயன்படுத்துகிறோம். யு.பி.ஐ. செயலியில் பணம் அனுப்ப எண்ணை இட்டதும், அதோடு இணைந்த வங்கிக் கணக்குக்காரரின் பெயர் தெரியும். வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று 2025-இல் விதியை இறுக்கியிருக்கிறார்கள். பழைய கட்டிலை விற்பவர், வீட்டுக்கு முன்பணம் கேட்பவர் தன் பெயரைச் சரியாகத்தான் சொல்கிறாரா என்று பார்க்க இது உதவும். தெரிவது கணக்கின் பெயர்தான், சிம்மின் பெயர் அல்ல. வாடகைக்கு விடப்பட்ட கணக்குகளும் நாட்டில் நிறைய உண்டு.

அடுத்தவர் எண்ணை விடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை எண் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? இதைச் சோதிக்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. ஆனால் பயன்படுத்துபவர்கள் குறைவு. 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி அரசுத் தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. மூலம் நுழைந்தால், உங்கள் அடையாளச் சான்றில் எடுக்கப்பட்ட இணைப்புகளின் பட்டியல் வரும். 2025 ஜனவரியில் அதற்குச் செயலியும் வந்துவிட்டது. நமக்குச் சம்பந்தமில்லாத எண் இருந்தால் ‘என் எண் அல்ல’ என்று குறிக்கலாம். நாமே வாங்கி மறந்துபோனது என்றால் ‘தேவையில்லை’ என்று குறிக்கலாம். ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை வைத்திருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. அதற்கு மேல் போனால் முதல் முறை 50,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெற்றால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 2023 சட்டம் சொல்கிறது.

கல்லூரி வாசலிலும் சந்தையிலும் குடையை விரித்து ‘கைரேகை வையுங்க, சிம் ஃப்ரீ’ என்று கூப்பிடுபவரிடம் இரண்டாவது முறை கைரேகை வைக்கச் சொல்லும்போது கவனம் தேவை. ‘முதல் தடவை சரியா விழல’ என்பார்கள். ஒரு கைரேகைக்கு ஒரு சிம். இரண்டாவது கைரேகைக்கு நாம் பார்க்காத இன்னொரு சிம். சில நூறு ரூபாய்க்காகத் தன் பெயரில் சிம் எடுத்துக் கொடுக்கும் இளைஞர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அந்தச் சிம் ஒரு மோசடியில் பயன்பட்டால் போலீஸ் முதலில் தட்டப்போவது விண்ணப்பத்தில் எந்த முகவரி இருக்கிறதோ அந்த வீட்டுக் கதவைத்தான்.

வங்கிகளும் செயலிகளும் ‘இந்த எண் இவருடையதுதான்’ என்று எப்படி முடிவுசெய்கின்றன? ஓ.டி.பி. அனுப்பித்தான். ஆனால் ஓ.டி.பி. நிரூபிப்பது, அந்தச் சிம் இந்த நிமிடத்தில் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே. அதைச் சொல்பவர் யார் என்பதை அது நிரூபிக்காது. நாம் ஓ.டி.பி.யை அடுத்தவரிடம் வாசித்தால், அந்தச் சில நிமிடங்களுக்கு எண்ணின் உரிமையையே அவரிடம் கொடுத்துவிடுகிறோம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2017-லேயே குறுஞ்செய்தி ஓ.டி.பி.யைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய முறை என்று வகைப்படுத்திவிட்டது. நம் பெயரில் போலியாக மாற்றுச் சிம் வாங்குபவர்களைத் தடுக்க, சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்திவைக்கும் விதி 2022-இல் இங்கே வந்தது. சிம் மாற்றிய 7 நாளுக்குள் நிறுவனம் மாற முடியாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் இருக்கிறது. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் உங்கள் கைப்பேசி திடீரென்று வலையமைப்பை இழந்து மணிக்கணக்கில் திரும்பவில்லை என்றால், ‘டவர் கோளாறு’ என்று விட்டுவிடாமல் இன்னொரு போனிலிருந்து நிறுவனத்தைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு தனி உலகம். அது தொலைபேசி வலையமைப்பு வழியே வருவதில்லை. கணக்கு தொடங்கும்போது ஒரே ஒருமுறை ஓ.டி.பி. கொடுத்தால் போதும், பிறகு சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்து பேசலாம் என்பதே மோசடிக்காரர்களுக்கு வசதியாக இருந்தது. சிம் கைப்பேசியில் இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதன் பின்னணி இதுதான். காக்கி உடை, அசோகச் சின்னம், பின்னால் காவல் நிலையம் போன்ற அரங்கம் என்று எதை வேண்டுமானாலும் வீடியோ அழைப்பில் காட்டலாம். வீடியோவில் மிரட்டி வீட்டுக்குள்ளேயே முடக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். இருந்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் நாட்கணக்கில் கேமரா முன் உட்கார வைக்கப்பட்டார்கள். அவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்ல. சட்டத்துக்குப் பயந்து நேர்மையாக வாழ்ந்தவர்கள் என்பதையே மோசடிக் கும்பல் ஆயுதமாக்கிக்கொண்டது. யாரையும் வீடியோவில் கைதுசெய்ய எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. விசாரணைக்கு இடையில் பணத்தை ‘சரிபார்ப்பதற்காக’ மாற்றச் சொல்லும் நடைமுறையும் எந்தத் துறையிலும் இல்லை.

சாதாரண விளம்பர அழைப்புக்கு இத்தனை பதற்றம் வேண்டாம். பதிவுபெற்ற விளம்பர அழைப்புகள் 140 என்ற வரிசையில் வரும். வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசைக்கு மாற 2025 நவம்பரில் டிராய் காலக்கெடுவும் விதித்தது. குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயரின் கடைசியில் பி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. எதுவுமே வேண்டாம் என்றால் 1909-ஐ அழைத்து முழுத் தடை கேட்கலாம். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று அழைப்பவர் விதியை மீறுகிறார். 7 நாளுக்குள் அதே 1909-இல் அல்லது டிராயின் டி.என்.டி. செயலியில் புகார் செய்யலாம். தடைப் பட்டியலில் பதியாதவர்களும் இப்போது புகார் தரலாம்.

திரும்பத் திரும்ப அழைத்துத் தொல்லை கொடுப்பது வேறு ரகம். ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பின்னும் ஒருவன் தொடர்ந்து தொடர்புகொள்ள முயன்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி அது பின்தொடரும் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. பெயரை மறைத்து மிரட்டினால் 351-ஆம் பிரிவு கூடுதல் தண்டனை சொல்கிறது. இங்கே நாமாக அந்த எண்ணின் உரிமையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை, வாக்குவாதம் செய்ய வேண்டியதும் இல்லை. “என்னை இனி அழைக்காதீர்கள்” என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அதை வைத்துக்கொண்டால், ‘விருப்பமில்லை என்று தெரிவித்தார்’ என்பதற்கு அதுவே சான்று. பிறகு காவல் நிலையம். பெண்களுக்கு 181 உதவி எண்ணும் இருக்கிறது.

மோசடி முயற்சி நடந்தது, பணம் போகவில்லை என்றால் சஞ்சார் சாத்தியில் ‘சக்‌ஷு’ என்ற பகுதியில் தெரிவிக்கலாம். 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட இதில் சேரும் தகவல்களை வைத்துத்தான் சந்தேக எண்களைத் துறை மறுபடி சரிபார்க்கிறது. பணம் போய்விட்டது என்றால் அங்கே நேரத்தை வீணாக்காமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். அது வங்கிகளோடு இணைந்த கட்டமைப்பு. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே எங்காவது நிறுத்த முடியுமா என்று பார்க்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மிச்சம். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எந்தப் புகாரானாலும், ஆத்திரத்தில் அந்த எண்ணை பிளாக் செய்து அழைப்புப் பதிவை அழித்துவிடுவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். திரையில் தெரிந்த எண் பொய்யாகவே இருந்தாலும், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை நொடி அந்த அழைப்பு நீடித்தது என்பதை வைத்து, அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று நிறுவனத்தின் பதிவேட்டில் காவல்துறையால் தேட முடியும்.